நின்ற அளவு

"நிக்க வச்சுத்தானே வரைஞ்சீங்க?" என்று ஷூ செய்கிறவர் போனில் மூன்றாவது முறையாகக் கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். பொய் சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

வேறு யாராவது இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் தெரியாமல் சொன்னதாக விட்டுவிடலாம். நான் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் டெய்லர். இரண்டாவது மாடியில், உடை மாற்றிப் பார்க்கிற அறைகளுக்குப் பின்னால் என் மெஷின். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். வாங்கிய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஆட்கள் என் எதிரே வந்து நிற்பார்கள். நான் தரையில் மண்டி போட்டு, மடிப்பு எங்கே வரவேண்டுமோ அங்கே குண்டூசி குத்துவேன். "நிமிர்ந்து நில்லுங்க, கீழே பார்க்காதீங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வேன். குனிந்து பார்த்தால் பேன்ட் பின்பக்கம் ஏறிக்கொள்ளும், அளவு கெட்டுப்போகும். உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை நீட்டிய பெரிய மனிதர்களையும் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். பாரம் கீழே இறங்கினால்தான் அளவு சரியாக வரும். இதைப் போனில் ஒருவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் அப்போது நான்கு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தார். இடது கையும் இடது காலும் வரவில்லை. அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

அவருக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வண்டியில் சுற்ற, இவர் மட்டும் முப்பது வருஷமும் நடந்தே போனார். அலுவலகத்தில் இவருக்கு 'நடைவண்டி' என்று பெயர். வீட்டுக்கு போன் பண்ணினால்கூட, "நடைவண்டி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். சீருடையோடு கொடுத்த கறுப்பு ஷூவுக்கு முனை கூர்மை, குதிகால் உயரம். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கழற்றுவார். கூட்ட நெரிசலான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வந்தவர்கள் மாதிரி விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தும். அதை இழுத்து வெளியே விட்டு, "மூச்சு விட்டுக்கோடா" என்பார்.

ஒரு நாள் பெரிய செய்தியோடு வந்தார். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பொறியாளர் ஒரு ஷூ போட்டிருக்கிறாராம். வெறுங்கால் ஷூ என்று பேராம். அடிப்பாகம் அட்டை கனம்தான், குதிகாலே கிடையாது, சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடுமாம். முன்பக்கம் மட்டும் நல்ல அகலம், ஐந்து விரலும் தனித்தனியாக உட்காருமாம். கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி முகம். அப்புறம் ஒரு மாதம் போனும் கையுமாக இருந்தார். துணியில் இருப்பது பார்க்க அழகு, ஆனால் மீட்டர் குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கும், இரண்டே நாளில் நாறிவிடும். அதனால் தோல்தான். தோல் போடப் போடக் காலுக்குத் தகுந்த மாதிரி வளைந்து கொடுக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும், அலுவலகத்துக்கும் போடலாம், கடைத்தெருவுக்கும் போடலாம். கறுப்பா, பழுப்பா என்பதற்கு மட்டும் ஒரு வாரம். கடைசியில் பழுப்பு. லேஸ் வைத்தது.

அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். முன்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்துக்குத் தைத்த மாதிரி இருக்கிறதே என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து எனக்கு வாயும் அப்படி ஆகிவிட்டது.

"வெறுங்காலோட நடக்கிற மாதிரி இருக்கும்னா, வெறுங்காலோடயே நடங்களேன். அதுக்கு எதுக்குங்க ஷூ?"

அவர் சிரித்தார். "சரி டெய்லரம்மா" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது. கோபப்படுகிறவராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு வாங்கியிருப்பார், நானும் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறந்திருப்பேன்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வீட்டில் மீட்டர் குழியின்மேல் குனிந்தவர் இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவருடைய பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டை, பேனா, மீட்டர் புத்தகம், அந்தக் கறுப்பு ஷூ. ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முன்னால் ஐந்து விரலும் நெருக்கியடித்துப் பதிந்த பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தைத் தொட்டதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வருவாள். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். ஆறுதல் வார்த்தையெல்லாம் அவளிடம் கிடைக்காது, வேலையில் மட்டும் கண். நான்காவது மாதத்தில் ஒரு நாள், சாரை நிற்க வைக்கிற காலம் வந்தால் தடிமனான ஷூ வேண்டாம் என்றாள். அடி மெல்லிசாக, தட்டையாக, முன்னால் அகலமாக இருக்கட்டும், தரை அவர் காலுக்குத் தெரியட்டும் என்றாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் வலது ஓரம் மட்டும் மேலே ஏறியது. பார்த்தியா என்று அர்த்தம்.

அன்றைக்கு மத்தியானமே அவருடைய போனைத் திறந்தேன். அந்த ஷூவின் பக்கம் இன்னும் அப்படியே இருந்தது. காலை வரைந்து அனுப்பினால் அதற்கேற்பச் செய்து தருவார்களாம். பழுப்பு, லேஸ் வைத்தது.

என் நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் கடைக்குப் போகிற நேரமெல்லாம் அண்ணனைப் பார்த்துக்கொள்வது அவள்தான். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் கை. அதனால் அவளுக்குப் பேச உரிமை உண்டு, அதை அவள் மிச்சம் வைப்பதும் இல்லை. படுத்திருக்கிற மனுஷனுக்கு ஷூவா, ஊர் சிரிக்கும் என்றாள். ஊருக்கு வேறு வேலை இல்லை, சிரிக்கட்டும் என்றேன். என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, ஆசை காட்டாதீங்க. அவன் உங்களுக்காகச் சிரிக்கிறான். நீங்க போனப்புறம் என்னைப் பார்த்து அழறான்."

எனக்கு அது தெரியாது. என் எதிரில் அவர் ஒரு தடவைகூட அழுததில்லை. அடுப்பைத் துடைக்கிற மாதிரித் திரும்பி நின்றுகொண்டேன். ஆனாலும் அன்றைக்கு மாலையே காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தேன். இவள் சொல்லிவிட்டாளே என்று விட்டால், நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அப்படியே நின்றுபோகும். அவர் எழுந்து, அந்த ஷூவைப் போட்டு, தெருமுனை வரைக்குமாவது நடக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

துணி வெட்டுகிற பலகையைக் கட்டில் விளிம்பில் நிறுத்தி, அதில் காகிதத்தை ஒட்டி, அவர் பாதத்தை அதன்மேல் அழுத்திப் பிடித்து வரைந்தேன். வலது காலில் பென்சில் பட்டபோது கூசி இழுத்துக்கொண்டார். இடது காலில் சுண்டுவிரலைச் சுற்றி வந்தபோது, தெரியுதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

"நின்னப்புறம் எடுக்கலாமே" என்றார். அப்போது அவருக்கு வார்த்தைகள் வழுக்கி வழுக்கித்தான் வரும்.

"ஷூ வரட்டும். நிப்பீங்க."

"அப்பக் கடிச்சா?"

"கடிக்கட்டும். கடிச்சா மாத்திக்கலாம்."

வரைந்த கோட்டைப் பார்த்தேன். பாரம் இறங்காத கால், ஒடுக்கமாக, பிள்ளைக் கால் போல இருந்தது. நிற்கிறபோது பாதம் பரவும். நான் நினைத்திருந்தால் பக்கத்துக்கு இரண்டு நூல் கூட்டிப் போட்டிருக்கலாம். நூல் என்பது எங்கள் கணக்கில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று. துணியில் ஆயிரம் தடவை கூட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கை வரவில்லை. கூட்டினால், இவர் நிற்காதவர் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, வரைந்த கோட்டை அப்படியே அனுப்பினேன். அதற்குத்தான் ஷூ செய்கிறவர் போன் செய்து மூன்று முறை கேட்டார்.

ஷூ வந்தது. பழுப்பு. மூக்கில் வைத்தால் புதுத் தோல் வாசனை. நான் சும்மா சொல்லவில்லை, சுருட்டிப் பார்த்தேன், கைக்குள் அடங்கியது. அவர் காலில் மாட்டி லேஸ் கட்டினேன். தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் மட்டும், வீட்டுக்குள், அடுத்த வாரம் ஒரு மணி நேரம், கால் பழகப் பழக நேரத்தைக் கூட்டவும் என்று போட்டிருந்தது. நாங்கள் அதை அப்படியே கடைப்பிடித்தோம். மாலை நான்கரைக்கு நான் வந்ததும் மாட்டுவேன், ஐந்துக்குக் கழற்றுவேன். அவர் படுத்தபடியே இருப்பார். மூன்றாவது வாரம் இரண்டு மணி நேரம் ஆனது. நாத்தனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்கு எதுவரைக்கும் போயிட்டு வந்தே?" என்று கேட்பாள். "மார்க்கெட் வரைக்கும்" என்பார் அவர். இருவரும் சிரிப்பார்கள். நான் குனிந்து லேஸை அவிழ்ப்பேன்.

கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து வைப்பேன். துடைக்க ஒன்றும் இருக்காது. விரல் மடங்குகிற இடத்தில் தோலில் ஒரு சுருக்கம் விழ வேண்டும், விழவில்லை. ஒரு நாள், அடியைக் காட்டு என்றார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடையில இருந்த மாதிரியே இருக்கு" என்றார்.

நான் அதைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்குத்தான் நாத்தனார் சொன்னது சரியோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஆசை காட்டியது அவருக்கு மட்டும் இல்லை. நான் எனக்கே காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது மாதம் ஒரு சனிக்கிழமை. பிசியோதெரபிப் பெண் வாக்கரைக் கட்டிலுக்கு எதிரே வைத்தாள். அதைப் பார்த்து, "நடைவண்டிக்கே நடைவண்டியா?" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. இடுப்பில் பெல்ட்டைக் கட்டி ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் நாத்தனார். ஷூவை மாட்டிவிட்டுத் தரையில் என் வழக்கமான இடத்தில் மண்டி போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றாள். அவர் எழுந்தார்.

நின்றார். முழங்காலில் பேன்ட் துணி ஆடுவதை நான் பார்த்தேன். ஆனால் நின்றார். அவர் முகம் கோணியது.

"கடிக்குது."

அந்தப் பெண் பதறிவிட்டாள். எங்கே வலிக்கிறது, நெஞ்சிலா, தலையிலா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஷூ கடிக்குது. இடது கால். சுண்டுவிரல்."

"இடது சுண்டுவிரலா சார்?" அவள் திரும்பக் கேட்டாள். ஆறு மாதமாகப் பென்சில் பட்டாலும் தெரியாத, ஊசி குத்தினாலும் தெரியாத விரல் அது.

நான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. என் தப்பு வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் நின்றால் மட்டும் வெளியே வருகிற தப்பு. ஆறு மாதத்தில் இதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வாழ்க்கையிலேயே இருந்ததில்லை என்று சொன்னாலும் பொய்யாகாது.

அவரை உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி, கொஞ்சம் இளைப்பாறியதும் இன்னொரு தடவை எழுப்பச் சொன்னேன். வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும் என்றாள் அந்தப் பெண். அவர் கேட்கவில்லை. பழைய காகிதத்தையே தரையில் விரித்து, பழைய கோடுகளுக்குமேல் அவர் பாதங்களை வைத்தேன். துணியில் கோடு போடுகிற நீலப் பென்சிலை எடுத்தேன். அவர் குனிந்து பார்க்கப் போனார்.

"நிமிர்ந்து நில்லுங்க. கீழே பார்க்காதீங்க."

எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "எவ்வளவு நேரம் டெய்லரம்மா?" என்று கேட்டார். இருப்பதே ரெண்டு கால்தான், முடித்துவிடுகிறேன் என்றேன். நீலக்கோடு பழைய கோட்டுக்கு வெளியே போனது. சுண்டுவிரல் பக்கத்தில் சரியாக இரண்டு நூல்.

ஷூ செய்கிறவருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். முதலில் படுக்க வைத்துத்தான் எடுத்தேன், உங்களிடம் மூன்று தடவை பொய் சொன்னேன் என்றேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். இப்ப நிக்கிறாரா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், புதிது இரண்டு வாரத்தில் வரும் என்றார்.

அதன்பிறகு தினமும் வெறுங்காலோடு நின்றார். முதலில் ஒரு நிமிஷம், அப்புறம் இரண்டு. ஒன்பதாம் நாள் காலையில் நான்கு நிமிஷம் நின்று, வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்தார். இடது கால் பின்னால் இழுபட்டு வந்தது. ஷூ வருவதற்குள் தெருமுனையைப் பார்த்துவிடலாம் என்றார். நான் கடைக்குப் போனேன்.

மத்தியானம் போன் அடித்தபோது ஒருவருக்கு மடிப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் என்ன என்று கேட்க முடிந்தது. நாத்தனார் அழுதுகொண்டே இருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அதேதான் வந்தது, இந்தத் தடவை விட்டுவிட்டுப் போகவில்லை.

அவருக்கு நல்ல சட்டையும் பேன்ட்டும் போட்டோம். அந்தப் பேன்ட்டுக்கு மடிப்பு நான் தைத்தது. காலுக்கு என்ன என்று யாரோ கேட்டார்கள். அலமாரியிலிருந்து பழுப்பு ஷூவை எடுத்து வந்தேன். ஒரே ஒரு தடவை நின்றதன் தூசு அடியில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. படுத்திருப்பவருக்கு நானே எடுத்த அளவு. கொஞ்சம்கூடப் பிசகாமல் உட்கார்ந்தது. நான் வலது காலுக்கு லேஸ் கட்டினேன், இடது காலுக்கும் கட்டப் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, ரொம்ப இறுக்காதீங்க. அந்தப் பக்கம் கடிக்கும்."

அவளே தளர்த்திக் கட்டினாள்.

ஆறாவது நாள் பெட்டி வந்தது. நாத்தனார் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். திறந்தேன். அதே பழுப்பு, அதே லேஸ், முன்பக்கம் இன்னும் அகலம். உண்மையிலேயே வாத்துக் கால்தான். உள்ளே கையை விட்டேன். ஐந்து விரலையும் நன்றாக விரிக்க முடிந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தேன். கறுப்புக் கோட்டுக்கும் நீலக் கோட்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் என் சுண்டுவிரலை வைத்து மெதுவாகச் சுற்றி வந்தேன். அவர் நின்றது அவ்வளவு அகலம்.

மறுநாள் ஷூ செய்கிறவர் கூப்பிட்டார். வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

"இப்ப அளவு சரியா இருக்காம்மா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு முன்னால் நீலக்கோடு இருந்தது. இந்த மனிதரிடம் நான் ஏற்கெனவே மூன்று பொய் சொல்லியிருந்தேன். பொய் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"சரியா இருக்குங்க. இந்தத் தடவை நின்னுதான் குடுத்தார்."

அவருக்குச் சந்தோஷம், குரலிலேயே தெரிந்தது. முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் மட்டும் போடட்டும், அவசரப்பட வேண்டாம் என்றார். சரிங்க என்றேன்.